கையெழுத்துக்கு முன் இரண்டு ரக்அத்

1. என் கணவர் ஜாபர் வளைகுடாவில் ஒரு செய்தி நிறுவனத்தின் ஓட்டுநர். பக்கத்து நாட்டில் போர் தொடங்கியதும் செய்தியாளர்களை ஏற்றிக்கொண்டு அங்கே போனார்.

2. போன பன்னிரண்டாம் நாள், ஒரு திங்கட்கிழமை, இரண்டு வண்டிகளில் ஒரு சிறு நகரத்துக்குள் நுழைந்தார்கள். இரண்டிலும் ‘பிரஸ்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. முன்னால் போன வண்டியின் மேல் குண்டு விழுந்தது.

3. அதிலிருந்த செய்தியாளர் நினைவிழந்தார். ஓட்டுநர் மருத்துவமனையில் இறந்தார். பின்வண்டியின் ஒளிப்பதிவாளரையும் ஓட்டுநரையும் காணவில்லை.

4. புதன்கிழமை நிறுவனம் எனக்கு ஒரு படம் அனுப்பியது. முகம் அடையாளம் தெரியாததால், இறந்தவர் போட்டிருந்த குண்டு துளைக்காத ஜாக்கெட்டின் படம். “இது உங்கள் கணவருடையதா?” என்று கேட்டிருந்தார்கள்.

5. அதில் அவர் கையெழுத்தில் ‘ஜாபர், ஓ பாசிட்டிவ்’ என்று இருந்தது. “ஆம்” என்று பதில் அனுப்பினேன்.

சகோதரிகளே, அந்த ஒரு சொல்லை அனுப்பிய பிறகு எனக்கு அழுகை வரவில்லை. அரிசி களைந்தேன். உலை வைத்தேன். அப்புறம்தான் மாமியிடம் சொன்னேன்.

நான் அருப்புக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். ஜாக்கெட்டில் எழுதச் சொன்னதும் நான்தான். வீடியோவில் அதைப் போட்டுக் காட்டினார்.

“பேரையும் பிளட் குரூப்பையும் எழுதிருங்க மச்சான்.”

“எதுக்கு, மையித்த அடையாளம் காட்டவா?” என்று சிரித்தார்.

“அடிபட்டா ரத்தம் ஏத்த வேணாமா? வாய மூடிட்டு எழுதுங்க.”

கிளம்பும்போது, “பிரஸ்ஸுன்னு போட்ட வண்டிய எவனும் தொட மாட்டான்” என்று சொன்னவர், அங்கே போய் ஒரு வாரத்துக்குள் அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டார். கேமராவைத் தூக்கினால் ஆயுதம் என்று நினைத்துச் சுடுகிறார்கள் என்றார். சிக்னலை வைத்து இடத்தைக் கண்டுபிடித்து அடிப்பதால், போனை அணைத்தே வைத்திருப்பார்கள். மாலையில் ஒரு நிமிடம் பேசுவார். அந்தத் திங்கட்கிழமையோடு அதுவும் நின்றது.

வியாழக்கிழமை காரியாபட்டியிலிருந்து அவருடைய அக்கா வந்தார். பையில் வெள்ளைச் சேலை இருந்தது. கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் நான் உட்கார வேண்டும் என்றார். நான்கு மாதம் பத்து நாள்.

“கழுத்துல கெடக்குற கருகமணியக் கழட்டுத்தா. ஊரு பாக்குதுல்ல?”

“பேப்பர் வரட்டும் மதினி.”

“நீதானே ஜாக்கெட்டப் பாத்துட்டு ஆமான்ன? இனி என்ன பேப்பரு?”

உள்ளே படுத்திருந்த மாமிதான் குரல் கொடுத்தார்.

“சர்க்கரை ரிசல்ட்டையே ரெண்டு தடவ பாத்துட்டுத்தான் குடுப்பா. எம் மகன மட்டும் ஒரு போட்டோவுல முடிச்சுட்டா. விடு, அவ வேலைய அவ பாக்கட்டும்.”

அது ஆதரவா, குத்தலா என்று இன்றுவரை கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காகிதம் போனில் வந்தது. அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதம் என்று நான் கையெழுத்திட்டு, அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். போட்டால் ஜாபர் இறந்தவர் என்று பதிவாகிவிடும். மதினி பேனாவை நீட்டினார். “போட்டுருத்தா. மையித்தக் காக்க வைக்கக் கூடாது.” வாங்கிக்கொண்டேன். கையெழுத்துப் போடும் கடைசிப் பக்கத்தை மட்டும் அச்செடுத்திருந்தேன். மற்ற பக்கங்களைத் திறக்கவில்லை. திறக்கத் தெம்பும் இல்லை.

அப்போது நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. கை, முகம், கால் கழுவி வுளூ செய்து தொழுதேன். பிறகு தேவைக்காக இரண்டு ரக்அத் தொழுதேன். அழுது துஆ கேட்டவர்களின் அனுபவங்களை நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். என் கண் காய்ந்துதான் இருந்தது. நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தாவில் கேட்டது ஒன்றே ஒன்று: “யா அல்லாஹ், தெரியாத ஒன்றில் என்னைக் கையெழுத்துப் போட வைத்துவிடாதே.” உயிரோடு திருப்பிக் கொடு என்று கேட்கக்கூட எனக்குத் துணிவில்லை.

எழுந்திருக்கவில்லை. முஸல்லா விரிப்பில் உட்கார்ந்தபடியே போனை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நான்காவது பக்கம் மருத்துவமனைக் குறிப்பு. இறப்பதற்கு முன் இரண்டு பை ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். பி பாசிட்டிவ்.

மூன்று முறை படித்தேன். ஓ வகைக்காரருக்கு பி ரத்தம் ஏற்ற மாட்டார்கள். ஏற்றுமுன் நோயாளியின் ரத்தத்தை எடுத்துப் பார்த்திருப்பார்கள். ஜாபரின் ரத்தத்தை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஜாக்கெட் அவருடையது. உள்ளே இருந்தவர் அவர் இல்லை.

மாமியிடம் சொன்னேன். எழுந்து உட்கார்ந்தார். “நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன் மாமி.”

“இன்னொரு தடவ பாரு.”

பார்த்தேன். பிறகு கையெழுத்துக்குப் பதிலாக, ரத்த வகை பொருந்தவில்லை, இது ஜாபர் இல்லை என்று நான்கு வரி எழுதி அனுப்பினேன். மதினி வெள்ளைச் சேலையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பவில்லை. பைக்குள் மடித்து வைத்துவிட்டு, எங்களோடு உட்கார்ந்து யாஸீன் ஓதினார்.

மறுநாள் நிறுவனம் உறுதி செய்தது. இறந்தவர் அந்த ஊர் ஓட்டுநர் இல்யாஸ். செய்தியாளருக்கும் ஒளிப்பதிவாளருக்கும் ஆளுக்கொரு ஜாக்கெட். ஓட்டுநர் இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான். யார் முன்வண்டியோ அவர் போட்டுக்கொள்வார். அன்று இல்யாஸின் முறை. எழுதச் சொன்ன எனக்கு இது தெரியாது.

உள்ளூர்க்காரரான இல்யாஸ் ஒளிப்பதிவாளரோடு தெரிந்தவர் வீட்டில் பதுங்கியிருப்பார் என்று நினைத்திருந்தவர்கள், அதன் பிறகுதான் இடிபாடுகளில் ஜாபரைத் தேடினார்கள். ஐந்தாம் நாள், இடிந்த மாவு மில்லின் நிலவறையில் அவரையும் ஒளிப்பதிவாளரையும் கண்டுபிடித்தார்கள். குண்டுக்குப் பயந்து இறங்கியவர்கள், அங்கிருந்த தண்ணீரைக் குடித்து ஒன்பது நாள் அடைபட்டுக் கிடந்திருக்கிறார்கள். ஜாபருக்கு ஒரு கால் உடைந்து சீழ் பிடித்திருந்தது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கஷ்டம் என்று மருத்துவர் சொன்னாராம்.

குரல் செய்தி வந்தபோது கூடத்தில் ஒருவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். எடுத்து முடித்து, பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கேட்டேன். “நாந்தான். சார்ஜு இல்ல. அம்மாட்டச் சொல்லிரு.” அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

இதை எழுதும்போது ஒன்றை மறைக்க விரும்பவில்லை. இல்யாஸின் மனைவியும் அதே நாட்களில் கை ஏந்தியிருப்பார். கணவர் பெயர் காணாமல் போனவர்கள் பட்டியலில் இருந்ததால், என்னைவிட நம்பிக்கையோடு கேட்டிருப்பார். நான் அனுப்பிய நான்கு வரிதான் அதை முடித்தது. மதரஸாவில் பாடம் சொல்லும் ஆலிமாவிடம் கேட்டேன். “எனக்கும் தெரியலம்மா. அவங்களுக்காகவும் கேளு” என்றார். கேட்கிறேன்.

முன்பெல்லாம் வேலை முடிந்து வந்து, விட்டதையெல்லாம் சேர்த்துத் தொழுவேன். இப்போது அந்தந்த நேரத்தில் தொழுகிறேன். உங்களிடமும் இதைத்தான் சொல்கிறேன். மனசு மரத்துப் போயிருந்தாலும் கேளுங்கள். அழுகை வரும்வரை காத்திருக்க வேண்டாம். வறண்ட கண்ணோடு கேட்டதையும் அவன் கேட்டான்.

ஜாபர் இப்போது பாளையம்பட்டியில் எங்களோடு இருக்கிறார். காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். ஊன்றுகோலோடு மாலை அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய் வருகிறார். வண்டி ஓட்டுவதில்லை. நிறுவனம் இரண்டு முறை அழைத்தது. வரவில்லை என்று சொல்லிவிட்டார். இல்யாஸுக்கு ஒரு மகள், பெயர் மர்யம் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். மனைவியின் பெயர் தெரியாது. மர்யமின் உம்மா என்றே துஆவில் சொல்லி வருகிறேன்.