ஆடி மாதத்தில் திறந்த அறை

பத்திரம் எழுத உரிமம் வேண்டும் என்ற விதி எங்கள் ஊருக்கு வந்தபோது நான் ஒரு பத்திரக்காரரிடம் நகல் எழுதிக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது. காரைக்கால் பதிவு அலுவலகத்துக்கு எதிர் வரிசையில் அவருக்கு நீளமான ஓர் அறை இருந்தது. வாசல் பக்கம் அவருடைய மேசை. உள்ளே, சன்னல் இல்லாத மூலையில், என் பிரம்பு நாற்காலி. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். கிழக்கே இன்னார் மனை, மேற்கே வாய்க்கால் என்று நான்கெல்லையை அவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வரிக்குப் போயிருப்பேன். கையெழுத்து மட்டும் அவருடையது.

அவர் உரிமத்துக்கு விண்ணப்பம் வாங்கப் போனபோது எனக்கும் ஒன்று வாங்கி வரச் சொன்னேன்.

"ஏம்மா, ஒரு அறைக்கு எதுக்கு ரெண்டு உரிமம்?"

"ஒரு அறைக்கு இல்லீங்க ஐயா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "சரிதான்" என்றார். விண்ணப்பம் மறுநாள் என் மேசையில் இருந்தது.

விண்ணப்பத்துக்கு விலை அதிகமில்லை. அதைச் சுற்றி வந்த செலவுகளைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. கருவூலத்தில் சலான் கட்ட வேண்டும். நடத்தைச் சான்று இரண்டு பேரிடம் வாங்க வேண்டும். அதில் ஒருவர் நெடுங்காட்டில் இருந்தார். அவரை வீட்டில் பிடிக்க மூன்று முறை பேருந்து ஏறினேன். பள்ளிச் சான்றிதழில் என் அப்பா பெயரின் முதலெழுத்து தவறாக இருந்தது. அதைச் சரிசெய்ய விழிதியூருக்குப் போய் நான் படித்த பள்ளியில் எழுதி வாங்கி வந்தேன். இதற்கெல்லாம் சம்பளமில்லாத விடுப்பு. தினமும் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. அந்த மாதத்துப் பக்கங்களில் பேருந்துக் கட்டணத்தைத் தவிர வேறு செய்தியே இல்லை.

தேர்வு புதுச்சேரியில். எங்கள் தலைநகரம் அதுதான் என்றாலும், காரைக்காலிலிருந்து புறப்பட்டால் சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டைத் தாண்டித்தான் போய்ச் சேர வேண்டும். பெண் தனியாக அவ்வளவு தூரம் போய் ஒரு இரவு தங்குவதா என்று பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் பேச்சு எழுந்தது. மின்துறையில் வேலை பார்த்த என் கணவர் விடுப்புப் போட்டுக்கொண்டு கூட வந்தார். ஒரு தேர்வுக்கு இரண்டு டிக்கெட், இரண்டு சாப்பாடு, ஒரு விடுதி அறை. நான் தேர்வு எழுதிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்.

"என்ன கேட்டாங்க?"

"நான் வருஷக்கணக்கா எழுதினதைத்தான் கேட்டாங்க."

"அப்ப எதுக்கு இவ்வளவு செலவு?"

"நான்தான் எழுதினேன்னு யாருக்கும் தெரியாதுல்ல. அதுக்கு."

உரிமத்தை நேரில் வாங்கிக்கொள்ளும்படி கடிதம் வந்தது. இந்தமுறை நான் தனியாகப் போனேன். ஒரு டிக்கெட் மிச்சம் என்றதும் யாரும் மறுத்துப் பேசவில்லை.

வாங்கிய உரிமத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அலுவலகத் தெருவில் ஓர் அறை காலியாக இருந்தது. முன்பு சைக்கிள் பழுது பார்த்த இடம். தரை முழுக்க எண்ணெய்க் கறை. முன்பணம் கொடுத்து உடனே எடுப்பதானால் எடுக்கலாம், இல்லையென்றால் ஜெராக்ஸ் கடை வைக்க ஆள் காத்திருக்கிறது என்றார் அறைக்காரர். அப்போது ஆனி மாதம் முடியப் போகிறது. ஆடியில் யாரும் மனை வாங்க மாட்டார்கள், கிரயம் செய்ய மாட்டார்கள். பதிவு அலுவலகமே ஆடியில் தூங்கி வழியும். கடை திறப்பதென்றால் கேட்கவே வேண்டாம்.

தலத்தெருவில் எங்களுடையது கீற்றுக் கூரை வீடு. ஓடு போடுவதற்காக ஏலச் சீட்டு கட்டி வந்தோம். அதைத் தள்ளி எடுத்துவிடலாம் என்றேன். பாதியிலேயே எடுத்தால் தள்ளுபடி போக என்ன கையில் வரும் என்பது என் கணவருக்கும் தெரியும்.

"ஆவணியில வேற அறை பாத்துக்கலாமே."

"அந்தத் தெருவுல வேற அறை இல்லீங்க."

"மழைக்கு முன்னாடி ஓடு போடத்தானே சீட்டே கட்டுனோம்."

"ஆவணி பிறக்குறதுக்குள்ள அந்த அறை தன்னோட வாடகையைத் தானே சம்பாதிக்கணும். இல்லேன்னா சாவியைக் கொடுத்துட்டு நான் பழைய நாற்காலிக்கே போயிடறேன்."

அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "எழுதிக் கொடு" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் எழுதிக் கொடுத்தேன்.

பழைய முதலாளியிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது அவரும் அதே கெடுவைத்தான் வைத்தார். "உன் நாற்காலிய யாருக்கும் கொடுக்க மாட்டேன்மா. ஆவணி வரைக்கும் காலியா கெடக்கும்." அன்பாகத்தான் சொன்னார். அன்றைக்கு அது எனக்கு அன்பாகப் படவில்லை.

ஆடி பிறந்த வாரத்தில் அறையைத் திறந்தேன். சீட்டுப் பணம் முன்பணத்துக்கும் மேசைக்கும் உரிம எண் பொறித்த முத்திரைக்கும் போயிற்று. கட்டண விவரப் பலகை கட்டாயம் தொங்க வேண்டும் என்பது விதி. பெயர்ப்பலகை எழுதுகிறவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டதால் வாக்கியங்களைச் சுருக்கிக் கொடுத்தேன். வாடிக்கைக்காரர்கள் உட்கார ஒரு பெஞ்சு வாங்கியதும் பணம் தீர்ந்தது. எனக்கு ஒரு முக்காலி, வீட்டிலிருந்து.

பக்கத்து டீக்கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "ஆடியில கடை தெறக்கிறவங்கள இப்பத்தான் பாக்குறேன். பூசை உண்டா?"

"ஆவணியில போடுறேன்."

"இருந்தா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் ஒரு வாரம் கிரயம் எழுத யாரும் வரவில்லை. வில்லங்க மனு எழுத ஒருவர் வந்தார். அந்தக் காசு டீக்குச் சரியாகப் போயிற்று. அப்புறம் ஒருநாள் மனைத் தரகர் ஒருவர் வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"நீங்கதான் பத்திரம் எழுதுற புது நொத்தேரம்மாவா? பெரிய பள்ளிவாசல் பக்கம் ஒரு மனைக் கிரயம் இருக்கு. அவங்களுக்கு ஆடியும் கிடையாது, மார்கழியும் கிடையாது. ஆனா வாங்குற வீட்டு அம்மா ஒண்ணு சொல்றாங்க. பத்திரத்தை வீட்டுக்குள்ள வந்து ஒக்காந்து படிச்சுக் காட்டணுமாம். திரைக்கு அந்தப் பக்கம் ஆம்பளை நின்னு படிச்சதை முன்னாடி ஒருதரம் கேட்டது போதுமாம்."

அந்த அம்மாவின் கணவர் சிங்கப்பூரில் இருந்தார். பணம் அங்கிருந்து வந்தது. விவரங்களைச் சொன்னவர் கணவரின் தம்பி. மனை யார் பெயருக்கு என்று கேட்டேன். அண்ணன் பெயருக்கு, அவர் சார்பில் தானே கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். முத்திரைத்தாளை அன்றே வாங்கச் சொல்லி அவசரப்படுத்தினார். பழைய அறையில் அப்படித்தான் செய்வோம். நேராக முத்திரைத்தாளில் எழுதிவிடுவோம். ஆனால் தனியாக எழுதினால் முதலில் வெள்ளைத்தாளில் எழுதிப் படித்துக் காட்ட வேண்டும் என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். வாங்குகிறவர் பெயரை எழுதி விற்கப்படும் தாள் அது. பெயர் மாறினால் பணம் முடங்கிவிடும்.

உள்கட்டில் பாய் விரித்திருந்தார்கள். அந்த அம்மாவும் கல்யாணம் நிச்சயமாகியிருந்த மகளும் எதிரே உட்கார்ந்தார்கள். கொழுந்தனாரும் தரகரும் முன்கட்டில். நான் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். இரண்டாம் பத்தி முடிவதற்குள் அந்த அம்மா கையைத் தூக்கினார்.

"என் மக பேரு எங்க புள்ள?"

"இதுல இல்லீங்க."

"எங்க தெருவுல வீடு பொம்பளப் புள்ளைக்குத்தான். அந்த மனைய வாங்குறதே இவளுக்கு வீடு கட்டத்தான்."

முன்கட்டிலிருந்து கொழுந்தனார் குரல் கொடுத்தார். "பின்னால மாத்திக்கலாம் மச்சி. இப்ப நானாவோட பேருல இருக்கட்டும்." அண்ணனை அவர்கள் நானா என்பார்கள், அண்ணியை மச்சி.

அந்த அம்மா என்னையே பார்த்தார். "பின்னால மாத்துறதுன்னா என்ன செலவாகும்?"

சொன்னேன். மறுபடியும் முத்திரைத்தாள், மறுபடியும் பதிவுக் கட்டணம், எழுத்துக்கூலி, எல்லாம் ஒருமுறை புதிதாக.

"ரெண்டு பத்திரம் எழுதினா உங்களுக்குத்தானேம்மா லாபம்?" என்றார் கொழுந்தனார்.

"ஆமாங்க. அதனாலதான் இப்பவே சொல்றேன்."

அவர் எழுந்து போய்விட்டார். அண்ணனுக்கு எழுதிக் கேட்காமல் எதுவும் ஆகாது என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனார். தரகர் என்னோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல. எனக்கும் போச்சு, உங்களுக்கும் போச்சு."

வீட்டில் இதைச் சொன்னேன். என் கணவர் கூரையில் ஒழுகுமிடத்துக்கு நேரே ஒரு சட்டியை எடுத்து வைத்தார். மழை இன்னும் வரவே இல்லை.

ஆடிப்பெருக்கு போயிற்று. நான் தினமும் அறையைத் திறந்து, தரையின் எண்ணெய்க் கறையை வாஷிங் சோடா போட்டுத் தேய்த்தேன். வாடகை கொடுக்கும் நாள் நெருங்கியது. பழைய அறையின் வழியாகப் போவதைத் தவிர்த்து டாக்டர் வீட்டுச் சந்து வழியாகச் சுற்றிப் போனேன். சாவியைத் திருப்பிக் கொடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்தேன். ஆனால் அந்த வெள்ளைத்தாளைக் கிழிக்கவில்லை. வாங்குபவர் பெயரை மட்டும் மாற்றி, மகள் பெயரில் ஒரு படி எழுதி மேசை இழுப்பறையில் போட்டு வைத்தேன்.

ஆடியின் கடைசி வெள்ளிக்கு முந்தின நாள் ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. வெள்ளைத் துப்பட்டி போர்த்திய அந்த அம்மா, பின்னால் மகள். கையில் சிங்கப்பூர்க் கடிதம்.

"இவ வாப்பா எழுதிட்டாங்க. இவ பேருலயே முடிக்கச் சொல்லிட்டாங்க. எழுது புள்ள."

"எழுதி வச்சிருக்கேங்க" என்று இழுப்பறையைத் திறந்தேன்.

அந்த அம்மா சிரித்தார். "அவ்வளவு தைரியமா?"

முத்திரைத்தாள் வாங்கி, எழுதி, பதிவு முடிந்த அன்று பலகையில் உள்ள கட்டணத்தை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தேன். கூடக் கொடுத்ததைத் திருப்பினேன். மேலே வாங்கினால் உரிமம் போய்விடும் என்று சொன்னதும் எடுத்துக்கொண்டார். ஆடி முடிவதற்குள் அவர் வீட்டுக்கு எதிர் வீட்டில் ஒரு தானப் பத்திரம். மாமியாரும் மருமகளும் சேர்ந்து வந்தார்கள். இரண்டையும் கூட்டிப் பார்த்தேன். வாடகை தேறியது, அதற்கு மேல் கொஞ்சம்.

ஆவணி முதல் நாள் கற்பூரம் ஏற்றிவிட்டு நேரே பழைய அறைக்குப் போனேன். பிரம்பு நாற்காலி அதே மூலையில் காலியாகக் கிடந்தது. முதலாளி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"சொன்னேன்ல, யாருக்கும் கொடுக்கல. ஒக்காரு."

"ஒக்காரத்தான் வந்தேங்க ஐயா. முக்காலியில ஒக்காந்து இடுப்பு போச்சு. இதை வெலைக்குக் கொடுப்பீங்களா?"

அவர் எழுந்து வந்து நாற்காலியின் கையைத் தட்டிப் பார்த்தார். பிறகு ஒரு விலை சொன்னார்.

"பின்னல் அறுந்திருக்கு ஐயா."

"அறுத்தது யாரு? நீதானே இத்தனை வருசம் ஒக்காந்த?"

அவர் சொன்ன விலையையே கொடுத்தேன். நாற்காலியைத் தலைகீழாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தேன். டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிரவு நாட்குறிப்பில் தொடக்கச் செலவுகளின் கடைசி வரியாக அதை எழுதி, கீழே கோடு போட்டேன். ஓடு அந்த மழைக்கு முன்னால் போட முடியவில்லை. அடுத்த மழைக்கு முன்னால் போட்டோம்.