நோர்வேப் படத்தில் எங்கள் ஆள்

மகள் படம் பார்க்கக் கூப்பிட்டபோது எனக்கு அப்பாடா என்றிருந்தது. இரண்டு மாதமாக எங்களுக்குள் சரியான பேச்சு இல்லை. கிளேட்டன் யூனிவர்சிட்டியில் தன்னோடு ஆராய்ச்சி செய்யும் எத்தியோப்பியன் ஒருவனைக் கட்டப் போகிறேன், ஒருநாள் வீட்டுக்குக் கூட்டி வரட்டுமா என்று கேட்டிருந்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. கறியைக் கிண்டிக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்காததால், விட்டிருப்பாள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

"நோர்வேப் படம் அம்மா. அதுக்குள்ள ஒரு தமிழ் ஆள் வாறா" என்றாள்.

ஸ்கண்டிநேவியப் படவிழாவாம். மல்கிரேவ் வீட்டிலிருந்து சிட்டிவரை கார் ஓடி, பார்க்கிங் தேடி அலைந்து போனோம். ஒஸ்லோவில் எங்கள் சனம் நிறைய. வெள்ளைக்காரர் எடுத்த படத்தில் எங்கள் ஆள் எப்படி இருப்பார் என்று பார்க்க எனக்கும் ஆசைதான்.

ஏரிக்கரையில் ஒரு மரவீடு. கணவனை இழந்த தாய். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள். இளைய மகன் கட்டியது தமிழ்ப் பெண்ணை, ஏழு வருடமாகிறது. அந்தப் பெண் காலைச் சாப்பாட்டுக்கே பட்டுச்சேலையும் பெரிய பொட்டுமாக வந்து கதிரையில் இருந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லீவில் நிற்கும் எந்தத் தமிழச்சி அப்படி உடுப்பாள்? நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். என் நெற்றியில் பொட்டே இருந்ததில்லை. அவளை என் ஆள் என்று நினைக்க எவ்வளவோ முயன்றேன், முடியவில்லை.

ஆனால் அந்த மாமியை எனக்குப் பிடித்துப்போனது. ஒரு கடும் சொல் வாயில் வராது. குடும்பம் முழுக்க விளிம்பு உடைந்த பழைய பீங்கான்களில் சாப்பிட, மருமகளுக்கு மட்டும் அலுமாரியைத் திறந்து பூப்போட்ட நல்ல பீங்கானை எடுத்து வைக்கிறாள். ஒவ்வொரு வேளையும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் வீட்டு நல்ல செட், பங்குச் சாமியார் வந்தால்தான் அலுமாரியை விட்டு இறங்கும். இதைவிட ஒரு மருமகளுக்கு என்ன மரியாதை வேண்டும்?

கடைசியில் மருமகள் அந்த நல்ல பீங்கானைத் தள்ளிவிட்டு, உடைந்த ஒன்றை எடுத்துச் சாப்பிடத் தொடங்குகிறாள். எல்லாரும் அவளையே பார்க்கிறார்கள். அத்தோடு படம் முடிந்துவிட்டது. பக்கத்தில் மகள் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

காரில் ஏறியதும், மரியாதையாக வைத்ததை அவள் ஏன் தள்ளினாள் என்று கேட்டேன்.

"ஏழு வருஷமா விசிட்டர் பிளேட் அம்மா. அவ எப்பதான் ஃபேமிலி ஆகிறது?"

மரியாதை செய்வதும் குற்றமா? சேலையும் பொட்டும் போட்டு எங்களைக் கோமாளியாக்கி வைத்திருக்கிறார்கள், இதைக் காட்டவா இவ்வளவு தூரம் கூட்டி வந்தாய் என்று பாய்ந்தேன். அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தமிழ் ஆளைக் காட்ட இல்லை. அந்த அம்மாவைக் காட்டத்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்."

கார் ஃப்ரீவேயில் ஏறியது. முதலில் கோபம் வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. பிறகு இது கோபமா வெட்கமா என்றே தெரியவில்லை. அந்த மாமியாவது மருமகளை மேசையில் இருத்தினாள். நான் இன்னும் கதவே திறக்கவில்லை. அப்படியென்றால் நான் அவளைவிடக் கூடாதவளா? நான் கெட்டவள் இல்லையே.

ஞாயிறு பூசை முடிய அவனைச் சாப்பிட வரச்சொல் என்றேன். உறைப்புச் சாப்பிடுவானா என்றும் கேட்டேன். நீங்களே கேளுங்கோ என்று சொல்லிக் காரிலிருந்தே போனில் அழைத்துவிட்டாள்.

"ஹலோ அன்ரி" என்றது ஒரு குரல். தாழ்ந்த, பயந்த குரல்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இரண்டு மாதமாக இவனை நினைத்து நித்திரையில்லாமல் கிடந்திருக்கிறேன். கேட்ட அன்றைக்கே மகள் சொல்லியிருப்பாள். எனக்கு அவன் பெயர் தெரியவில்லை.