இலையில்லாமல் வந்த பூ

அண்ணனின் காரியம் முடிந்த மறுநாள் காலையில்தான் அதைப் பார்த்தேன். ஆம்பூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றுக்குப் பக்கத்தில், ஒரு பச்சைத் தண்டு முழங்கால் உயரத்துக்கு நின்றிருந்தது. உச்சியில் நான்கு சிவப்புப் பூக்கள், ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி. இலை ஒன்றுகூட இல்லை. பார்த்துவிட்டு வாளியைக் கிணற்றில் இறக்கினேன். அழகு என்று தோன்றவில்லை. வேறு எதுவும் தோன்றவுமில்லை.

அந்தச் செடியின் கிழங்கு அண்ணியுடையது. அவளுடைய அப்பா பெங்களூரில் ஒரு துரை பங்களாவில் தோட்ட வேலை பார்த்தார். கல்யாணமாகி வரும்போது மகளின் துணிமூட்டையில் அதை வைத்து அனுப்பியிருந்தார். சிவப்பு லில்லி என்றுதான் சொன்னாராம். ஆனால் அவருடைய கூடையில், பார்க்க அதே மாதிரி இருக்கும் நச்சுச் செடியான விஷமூங்கிலின் கிழங்கும் கலந்து கிடந்ததால் அவருக்கே நிச்சயமில்லை. அம்மா விஷமூங்கில்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். குடும்பம் நடத்துகிற வீட்டில் அது எதற்கு என்பாள். வருஷங்கள் போயும் அது வார் வாராக இலை விட்டதே தவிரப் பூக்கவில்லை. மார்கழியில் இலைகள் பழுத்துக் காய்ந்துவிடும். அண்ணி தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிடுவாள்.

"விஷமூங்கில்னா இலை காயாது அத்த. வருஷம் பூரா பச்சையா நிக்கும்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அம்மா காதில் வாங்கவில்லை.

"வெங்காயத்த நட்டுட்டு பூவுக்குக் காத்துக்கினு இருக்கறா பாரு" என்று அண்ணன் என்னிடம் சிரிப்பான். ஆடு மேய்ந்துவிடாமல் அதைச் சுற்றிக் கல் அடுக்கியவனும் அவன்தான்.

அண்ணன் தோல் மண்டியில் வெளியூரிலிருந்து வரும் பச்சைத் தோல் கட்டுகளை இறக்கி அடுக்குகிற வேலை செய்தான். அந்தப் பங்குனியில் அவன் கழுத்தில், கட்டைத் தூக்கிவைக்கிற இடத்தில், ஒரு கொப்புளம் வந்தது. உடைந்து நடுவில் கரியாகக் கறுத்தது. "வலியே இல்ல, வேலைக்குப் போறேன்" என்று போனான். பிறகு கழுத்து வீங்கிக் காய்ச்சல் கண்டது. ரயிலில் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தோலிலிருந்து தொற்றுகிற நோய், முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். பிணத்தோடு திரும்பினோம். அண்ணி அழவில்லை. சாவுக்கு வந்தவர்கள் அதைப் பேசிக்கொண்டார்கள். நானும் அழவில்லை, அதை யாரும் கவனிக்கவில்லை.

பூவைப் பார்த்த அம்மா கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இலை இல்லாம பூத்திருக்குது. எம் புள்ளைய வாங்கிக்கினுதான் பூத்திருக்குது. தோண்டிப் போடு" என்றாள்.

அண்ணி அரிவாளை எடுத்துவந்து தண்டை அடியில் அறுத்தாள். அறுத்த வாயைத் திருப்பிப் பார்த்தாள். குழல் மாதிரி உள்ளே வெறுமையாக இருந்தது.

"விஷமூங்கில் தண்டு உள்ள கெட்டியா இருக்கும். இது சிவப்பு லில்லிதான் அத்த. இது அப்படித்தான், பூ முன்னால வரும், இலை அப்புறம் வரும்."

உப்பு கம்மி என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். பிறகு மண்ணைப் பறித்துக் கிழங்கை வெளியே எடுத்து அம்மா முன்னால் வைத்தாள். தாய்க்கிழங்கின் இடுப்பைச் சுற்றிச் சின்னக் கிழங்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அம்மா அதைக் கையில் எடுத்தாள். ஒவ்வொன்றாக விரலால் மண் தட்டினாள். தட்டி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது.

"திரும்ப வச்சு மூடிடு" என்றாள்.

அண்ணி மூடினாள். இருவரும் அதைப் பற்றிப் பிறகு பேசி நான் கேட்டதில்லை.

சித்திரை முடியும்போது அண்ணியின் அப்பா மகளைக் கூட்டிப்போக வந்தார். குழந்தை குட்டி இல்லாதவளை இங்கே விட்டுவைப்பது எப்படி என்று தயங்கித் தயங்கிப் பேசினார். அம்மா அண்ணியைப் பார்த்தாள். அண்ணி முறத்திலிருந்த அரிசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இப்ப இன்னா அவசரம்? அடுத்த வருஷம் வாங்க" என்றாள் அம்மா.

அவர் சாப்பிட்டுவிட்டுத் தனியாக ரயிலேறினார். அடுத்த வருஷமும் வந்தார். அதற்குள் எனக்குத் திருப்பத்தூரில் கல்யாணமாகியிருந்தது, நான் அங்கே இல்லை. அதற்கடுத்த வருஷமும் வந்து தனியாகவே திரும்பினாராம். பிறகு வரவில்லை.