எதிர் வீடு காலியாக வேண்டாம் என்று ஜெபித்தேன்

போன தை மாதம் நம் சபையில் ஒரு சாட்சி சொன்னேன். நிறைய பேர் கைதட்டினீர்கள். சகோதர சகோதரிகளே, இன்றைக்கு அந்தச் சாட்சியைத் திருப்பி எடுத்துக்கொள்ளத்தான் எழுந்து நிற்கிறேன். கேட்ட ஜெபம் அப்படியே கிடைத்து, அதனால் தூக்கம் தொலைந்து, சோறு இறங்காமல் அலைந்தவள் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று உங்களுக்கே தெரியும். அந்த வாயால் வந்த வினை இது.

பாலக்கோட்டில் எங்கள் எதிர் வீட்டுக்கு ஆவணியில் ஒரு ஜோடி குடிவந்தது. அவன் மஞ்சு, கன்னடக்காரன், பிக்கப்பில் தக்காளி ஏற்றிப் பெங்களூர் போகிறவன். அவள் பேர் எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கழுத்தில் தாலி இல்லை, காலில் மெட்டி இல்லை. பக்கத்தில் யாரோ விசாரித்ததற்கு, "எங்களுக்கு இப்படியே போதும்ங்க" என்று சிரித்தாளாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணம் கர்த்தர் ஏற்படுத்தியது அல்லவா? கிறிஸ்மஸுக்குத் தெரு முழுக்க எல்லா வீட்டுக்கும் முறுக்கும் கேக்கும் கொடுத்தேன். அந்த ஒரு வாசலை மட்டும் தாண்டிப் போனேன். அவள் கதவோரம் நின்று பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். தையில் ஒரு வெள்ளிக்கிழமை மைக் என் கைக்கு வந்தது. ஸ்பீக்கர் பெட்டி வாசலைப் பார்த்து இருந்தது. "ஆண்டவரே, இந்தத் தெருவைச் சுத்தப்படுத்தும். எதிர் வீட்டைக் காலி பண்ணும்" என்று கத்தி ஜெபித்தேன். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அந்த வீட்டு ஓனர் அதே வீட்டு மாடியில்தான் இருக்கிறார். மறுநாளே, மாசக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையே ஓடிவந்து உங்களிடம் சாட்சி சொன்னேன்.

மறுநாள் விடியற்காலை மண்டிக்குத் தக்காளி தரம் பிரிக்கக் கிளம்பினேன். ஒரே பனி. தெரு இருக்கிறதா கரைந்துவிட்டதா என்றே தெரியவில்லை. எங்கோ டிராக்டர் சத்தம் மட்டும் மிதந்து வந்தது. எதிர் வாசல் படியில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயிறு மேடிட்டிருந்தது. இத்தனை நாள் நான் கழுத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

"என்னம்மா, உடம்புக்கு முடியலியா?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்கக்கா, வாந்திதான். நேத்து ஏழு வூடு பாத்தோம். ஆரும் குடுக்க மாட்டேங்கறாங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீங்க ஜெபம் பண்ணது கேட்டுச்சுங்க. உங்களுக்கு நல்ல குரல்."

குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சொன்னாள். அதுதான் என்னைக் கொன்றது.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து படுத்தேன். கனவா நினைவா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரு முழுக்க அதே வெள்ளைப் பனி. எனக்கு முன்னால் ஒருவர் நடக்கிறார். கையில் ஒரு பாய், தலையில் பாத்திர மூட்டை. ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறார். நான் பின்னாலேயே போகிறேன், கால் தரையில் படவேயில்லை. கடைசியில் எங்கள் வாசல். உள்ளேயும் நான்தான் இருக்கிறேன், கண்ணை மூடி, மைக்கைப் பிடித்துப் பாடிக்கொண்டு. அவர் தட்டுகிறார். உள்ளே இருக்கிற எனக்குக் கேட்கவேயில்லை. "அடியே, கதவைத் திற!" என்று என்னைப் பார்த்து நானே கத்துகிறேன். சத்தம் வரவில்லை. விழித்தபோது தலையணை நனைந்திருந்தது.

முழங்காலில் விழுந்தேன். "அப்பா, நான் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்" என்று அழுதேன்.

சாயங்காலம் ஓனரிடம் போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, மைக்குல சொன்னது நீங்கதான? தெருவே கேட்டுச்சு. அதுக்கப்புறம் நாலு பேர் எங்கிட்ட வந்து பேசிட்டாங்க. இப்ப ரகசியமா வந்து வேணாம்னா, நான் ஆருக்குன்னு பதில் சொல்றது?"

அவர் சொன்னது நியாயம்தான். அடுத்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் நானே மைக்கைக் கேட்டு வாங்கினேன். "ஆண்டவரே, போன வாரம் நான் கேட்டது பாவம். அந்தப் பிள்ளைகள் இங்கேயே இருக்கட்டும். காலி பண்ண வேண்டாம்" என்றேன். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. என்னோடு பத்து வருஷம் ஜெபித்த ஒரு அக்கா பைபிளை மூடிக்கொண்டு எழுந்து போனார். இன்னும் என்னோடு பேசவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனால் நெஞ்சு லேசாக இருந்தது.

விடிந்ததும் ஓனர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "கேட்டுச்சும்மா. இருந்துட்டுப் போகட்டும். ஆனா அந்தப் பெட்டிய இனிமே கொஞ்சம் கம்மியா வைங்க தாயி!"

ஸ்தோத்திரம்! நான் அழுதுகொண்டே சிரித்தேன். அப்படியே எதிர் வாசலுக்குப் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டு, பெயரையும் கேட்டேன். நந்தினி.

அவர்கள் இன்றும் தாலி கட்டவில்லை. கல்யாணத்தைப் பற்றிய என் விசுவாசமும் மாறவில்லை. அவள் கேட்டால் சொல்வேன். ஒருமுறை கேட்டாள், சொன்னேன், "சரிங்கக்கா" என்று சொல்லிவிட்டு டீ போட்டுக் கொடுத்தாள். குடித்தேன்.

சித்திரையில் அவளுக்கு வலி வந்தபோது மஞ்சு பெங்களூரில் லோடு இறக்கிக்கொண்டிருந்தான். நான்தான் ஆட்டோவில் கூட்டிப்போனேன். பிரசவ வார்டு வாசலில் நர்ஸம்மா, "நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். வலிக்கு நடுவிலும் நந்தினி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எதிர் வூட்டு அக்காங்க. அவங்க எங்கூட இருக்கட்டும்" என்றாள். உள்ளே விட்டார்கள். பெண் குழந்தை. முதலில் வாங்கியது என் கை.

பிரியமானவர்களே, நீங்கள் கேட்டது கிடைத்து, அதைப் பார்க்கவே உங்களுக்குப் பயமாக இருந்தால், வெட்கப்படாமல் ஆண்டவரிடமே திரும்பிப் போங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை.