நல்ல காலின் அளவு

இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் என் இடது கால் சூம்பிப்போனது. ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் எங்கள் தெருவிலேயே இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்விடுவேன். ஆறாவது படிக்க ஸ்ரீபெரும்புதூர் போக வேண்டும். காலுக்கு இரும்புப் பட்டை போட்டால் நடக்கலாம் என்றார் வாத்தியார்.

அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சுங்குவார்சத்திரத்தில் வந்து நிற்பார். எங்களைக் கண்டதும் பஸ் மெதுவாகும், ஆனால் நிற்காது. "இன்னாப்பா, காவடியா? பின்னால காலியா வருது" என்பார் கண்டக்டர். எப்படியோ ஏறிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டு கொடுக்கிற சன்னலை மூடியிருப்பார்கள். மூன்று தடவை இப்படியே திரும்பினோம். மூன்றாம் தடவை, அந்த ஆஸ்பத்திரியில் பட்டை செய்கிறவர் இரக்கப்பட்டு, "எதுக்குப் பொண்ணத் தூக்கிகினு அலையற? ஒரு கயித்துல அளவு எடுத்துகினு வா, செஞ்சு தரேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து சணல் கயிற்றால் அப்பா அளந்தது என் வலது காலை.

"இன்னாயா, நல்ல கால அளக்கிற?" என்றாள் அம்மா.

"சூம்பின காலுக்கு அளவு குடுத்தா அது சூம்பியேதான் கெடக்கும். பந்தல் உசரமா போட்டாத்தான கொடி ஏறும்?"

தப்பு என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் கால் வளர்ந்துவிடுமோ என்று எனக்கும் ஓர் ஆசை.

வந்த பட்டை என் காலைவிட நான்கு விரற்கடை நீளம். மேல் வளையம் தொடையிடுக்கைக் கிழித்தது. பாதம் கீழே பட்டையோடு சேர்ந்திருந்த செருப்பை எட்டவேயில்லை. நின்றால் விழுந்தேன். அப்பா அதை மாற்றித் தரச்சொல்லி ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனார். பெண் வர வேண்டும், டாக்டர் பார்த்து எழுத வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி தோள், மறுபடி பஸ், மறுபடி மூடின சன்னல். அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. கழனியில் நடவும் தொடங்கியது. பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மறு வருடம் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவன் தெருவில் வந்தான். அம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. பட்டையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு ஒரு பொட்டலத்தோடு வந்தாள். அப்பா வேண்டாம் என்று எழுந்து கழனிக்குப் போய்விட்டார்.

அவர் பங்கையும் அம்மா எனக்கே கொடுத்தாள். உட்கார்ந்த இடத்திலேயே தின்று முடித்தேன்.