இரட்டை லென்ஸும் பன்னிரண்டு காலைகளும்

ஒரு காலையில் என் மனைவியை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஓசூர் ரிங் ரோடு முனையில் அவளுடைய கம்பெனி பஸ் நின்றது. இரவு ஷிப்ட் முடித்த பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். பனியில் எல்லாருக்கும் ஒரே ஸ்வெட்டர், ஒரே நடை. நான் அவளைத் தாண்டி, பின்னால் வந்தவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"யாரத் தேடுதிய?" என்று பக்கத்தில் குரல் வந்த பிறகுதான் திரும்பினேன்.

ஒரு விநாடிதான் இருக்கும். ஆனால் இருபத்திரண்டு வருடம் கூட இருந்தவளின் முகம் அந்த ஒரு விநாடி என்னிடம் இல்லை. அன்று முழுக்க அது என்னை அரித்தது. எனக்கு வேலையே பார்ப்பதுதான். கியர் பற்களில் கீறல் இருக்கிறதா என்று எட்டு மணி நேரம் பூதக்கண்ணாடிக்குள் கண்ணை வைத்திருக்கிறவன். மயிரிழைக் கீறல் தப்பினாலும் திரும்பி வந்து என் மேஜையில் நிற்கும். வீட்டு முகம் மட்டும் சத்தமில்லாமல் தப்பிப் போயிருக்கிறது.

அவளுக்கு இரவு, எனக்குக் காலை என்று ஷிப்ட் விழுகிற இரண்டு வாரங்களில், ஆறரைக்கு அவள் இறங்குவாள், ஆறே முக்காலுக்கு நான் ஏறுவேன். அந்தப் பதினைந்து நிமிடம்தான் எங்கள் குடும்பம். மற்ற நேரம் வீட்டில் ஒருவர் தூங்க, இன்னொருவர் பாத்திரம் சத்தம் போடாமல் நடமாடுவார். மறுபடி அந்த ஷிப்ட் வரும்போது அவளைப் படம் எடுப்பது என்று முடிவு செய்தேன். போனில் வேண்டாம். போனில் அவள் நூறு படமாக இருக்கிறாள், ஒன்றையும் நான் பார்த்ததில்லை. மீடியம் ஃபார்மட் ஃபிலிம் என்று ஒன்று உண்டு. உள்ளங்கை அகலச் சுருள், ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். ஞாயிறு நீக்கினால் இரண்டு வாரத்துக்குப் பன்னிரண்டு காலை. கணக்கு பொருந்திய நாளில் எனக்குக் கொஞ்சம் காய்ச்சலே அடித்தது.

கேன்டீன் இடைவேளைகளில் வீடியோ பார்த்துப் பார்த்து, எது வாங்குவது என்ற குழப்பம்தான் வளர்ந்தது. பெங்களூரில் மாடியேறிப் போகிற பழைய கேமரா கடை ஒன்றுக்குப் போனேன். வீடியோக்களில் எல்லாரும் புகழ்ந்த பெரிய கேமராவைக் கையில் வாங்கினேன். தோள் இறங்கியது.

"ஃபர்ஸ்ட் டைமா சார்? இது பேடா, வேண்டாம்," என்றார் கடைக்காரர். "ரெண்டு கிலோ மேல. வீடியோ பண்றவன் கார்ல வெச்சிட்டுப் போவான். நீங்க ஷிப்ட்டு ஆளு, பஸ்ல தூக்கிட்டுப் போணும்."

"ஷிப்ட்னு எப்படித் தெரியும்?"

"ஷூவப் பாத்தா தெரியலியா?"

குனிந்து பார்த்தேன். லீவு நாளில்கூட சேஃப்டி ஷூ போட்டுக்கொண்டு கேமரா வாங்க வந்திருக்கிறேன்.

அடுத்து மடக்கி பாக்கெட்டில் போடுகிற மாதிரி ஒன்று காட்டினார். அவரே அதன் தோல் மடிப்புக்குள் டார்ச் அடித்து, குண்டூசி ஓட்டைகள் மின்னுவதையும் காட்டி, வெளிச்சம் கசிந்து படம் கெடும் என்று உள்ளே வைத்துவிட்டார். கடைசியில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ் வைத்த ஒரு பெட்டி. மேல் லென்ஸ் நாம் பார்க்க, கீழ் லென்ஸ் படம் பிடிக்க. வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தலைகுனிந்து, மேல்பக்கக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். உள்ளே தெரு இடம் வலம் மாறி, யாரோ துடைத்து வைத்த தெரு மாதிரி தெரிந்தது. லென்ஸ் மூடி தொலைந்திருந்தது, வெளிச்சம் அளக்கிற மீட்டர் செத்திருந்தது. எனக்கு அது போதும் என்று பட்டது.

"மீட்டருக்கு போன்ல ஆப் போட்டுக்கோங்க. ரெண்டு நாள் ஃபிலிம் இல்லாம சும்மா பழகுங்க சார். அப்பறம் ரோல் போடுங்க."

பழகுவதற்காக அதை டிபன் பையோடு வேலைக்கு எடுத்துப் போனேன். எங்கள் கேட்டில் யாருடைய போனானாலும் கேமரா மேல் வட்ட ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார்கள். ஷிப்ட் முடிந்து வெளியே வந்து நாங்களே உரித்து மின்கம்பத்தில் ஒட்டிவிட்டுப் போவோம். அந்தக் கம்பம் இடுப்பு உயரத்தில் தடித்துப் போயிருக்கிறது.

"இன்னாண்ணா இது, ரெண்டு கண்ணு வெச்ச டப்பா?" என்றார் செக்யூரிட்டி.

"கேமரா. இங்கயே வெச்சிட்டுப் போறேன்."

"வெச்சாலும் ரூல்ஸ் ரூல்ஸுதான். ரெண்டு கண்ணுக்கும் ஒட்டணும்." கறுப்பு ஸ்டிக்கர்கள் இரண்டை அழுத்தி ஒட்டி அலமாரிக்குள் வைத்தார். மதியம் வெளியே வந்து கேமராவுக்குள் குனிந்து பார்த்தேன், இருட்டு. குனிந்தபடியே விரலால் தடவி ஸ்டிக்கரை உரித்தேன், தெரு பளிச்சென்று வந்தது.

பழகி முடித்து, எங்கள் இரண்டு வார ஷிப்ட் தொடங்கிய அன்று ரோலை மாட்டிக்கொண்டு, பஸ்ஸை விட்டு இறங்கியவளிடம் சொன்னேன்.

"இந்த மூஞ்சியவா?" என்றாள். "ராத்திரி பூரா போர்டுல சோல்டரிங் பாத்துட்டு வாரேன். இத எடுத்து என்ன செய்யப் போறிய?"

"பாக்கப் போறேன்."

"நேர்லதான நிக்கேன். பாருங்களேன்."

ஆனாலும் நின்றாள். பன்னிரண்டு நாளும் நின்றாள். டீக்கடைத் தகரத்துக்குப் பக்கத்தில், கிழக்கு பார்த்து. முதல் நாள் விறைத்துக்கொண்டு, பாஸ்போர்ட்டுக்கு நிற்கிற மாதிரி. மூன்றாம் நாள் நான் ஃபோகஸ் திருகி முடிப்பதற்குள் நின்றபடியே கண் செருகினாள். ஐந்தாம் நாள் காஸ் புக் பண்ணாததற்குத் திட்டிக்கொண்டே நின்றாள். திட்டின வாயை அப்படியே பிடித்துவிட்டேன் என்று அன்று பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். அவளோடு வேலை பார்க்கிற பெண்கள் போகிற போக்கில், "அக்கா, ஸ்டுடியோ தொறந்தாச்சா?" என்பார்கள். "ஆமா, வாங்க, ஆதாருக்கும் எடுப்பாரு," என்பாள் அவள். பத்தாம் நாள் பனியில் டீக்கடையே மறைந்துபோனது. அவள் மட்டும், நெற்றியில் ஹேர்நெட் வரி பதிந்து, அந்தச் சின்னச் சதுரத்துக்குள் இருந்தாள். இனி இவளை எந்தக் கூட்டத்திலும் தவற விடமாட்டேன் என்று நினைத்தேன். எனக்கும் தூக்கம் போதாத காலைகள்தான். போன் ஆப் சொல்கிற எண்ணை வைத்து, ஒருமுறை கிளிக், பிறகு பஸ்.

ரோலைக் கழுவக் கொடுத்த லேபிலிருந்து அடுத்த வாரம் போன் வந்தது.

"சார், ஏனூ இல்ல. ஒரு படம்கூட இல்ல. வெறும் கண்ணாடி மாதிரி இருக்கு."

"கழுவறதுல ஏதாவது..."

"இல்ல சார். ஃபிலிம் ஓரத்துல கம்பெனி நம்பரெல்லாம் நல்லா வந்திருக்கு. வெளிச்சமே உள்ள போகல. லென்ஸ மூடிட்டு எடுத்தீங்களா?"

மூடியே இல்லாத கேமரா என்று சொல்லிக்கொண்டே அதை எடுத்து, வாங்கிய பிறகு முதல்முறையாக முன்பக்கம் திருப்பிப் பார்த்தேன். கீழ் லென்ஸ் மேல் கறுப்பு ஸ்டிக்கர், ஓரம்கூடப் பிரியாமல். பழகப் போன முதல் நாள் ஒட்டியது. நான் பார்க்கிற கண்ணை மட்டும் உரித்திருக்கிறேன். மறுநாளிலிருந்து செக்யூரிட்டியும் மேல் கண்ணுக்கு மட்டும் புதிதாக ஒட்டியிருக்கிறார், கீழேதான் ஏற்கெனவே இருக்கிறதே. கீறல் தேடிச் சம்பளம் வாங்குகிறவன் பன்னிரண்டு நாளும் மேலிருந்தே பார்த்திருக்கிறேன்.

அவளிடம் சொல்ல இரண்டு நாள் ஆனது. ஷிப்ட் மாறி, அன்று இருவரும் வீட்டில் விழித்திருந்தோம். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"கறுப்பா, வட்டமா, அதுவா? அது தெனமும் இருந்துச்சே."

"பாத்தியா?"

"மொத நாளே பாத்தேன். உங்க கம்பெனி ஸ்டிக்கர்லா அது. எங்க கம்பெனில பிச்சா மெமோ குடுப்பான். அதான் நீங்களும் பிக்காம வெச்சிருக்கிய, அதுக்குள்ளயும் படம் விழும்போலனு நெனச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் உட்கார்ந்துகொண்டேன். பன்னிரண்டு நாள் நின்றாயே என்றேன்.

"நின்னேன். நீங்க கேட்டிய, நின்னேன்." ஒரு தண்டை ஒடித்துத் தூரப் போட்டாள். "நெசமாச் சொல்லட்டா? விழாமப் போனது நல்லதுதான். அந்த மூஞ்சி எனக்கே புடிக்காது. பஸ் கண்ணாடில தெரிஞ்சாக்கூடத் திரும்பிக்கிடுவேன். அதப் போயி பெருசாக் கழுவி வீட்டுல மாட்டி..."

அவள் எந்த முகத்தை வைத்துக்கொள்ள விரும்புவாள் என்று நான் கேட்கவே இல்லை. எனக்குத் தொலைந்தது எதுவோ அதையே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது கேட்டேன். எதை எடுக்கட்டும்?

கீரைக் கட்டைத் தள்ளி வைத்தாள். "ஒரு வாரம் லீவு போட்டு, அலாரம் வெக்காமத் தூங்கி எந்திரிச்சா ஒரு மூஞ்சி வரும்லா. அது எப்பிடி இருக்கும்னு எனக்கே மறந்துபோச்சு. அத எடுங்க."

"ஒரு வாரமா?"

"ரெண்டு பேரும். நீங்களும் அந்தத் தூங்காத கண்ண வெச்சுக்கிட்டு எடுத்தா படம் ஆடும்."

மறுநாளே இருவரும் லீவு எழுதிக் கொடுத்தோம். என் சூப்பர்வைசர் காரணம் கேட்டார். தூங்க என்று எழுதினால் கையெழுத்து விழாது என்பதால், சொந்தக் காரணம் என்று எழுதினேன். ரோல் மாட்டித் தயாராக இருக்கிறது, கீழ் லென்ஸைத் துடைத்தாயிற்று. அவள் கம்பெனியில் ஆர்டர் அதிகமாம், என் கம்பெனியில் ஆடிட் வருகிறதாம். இரண்டு லீவும் இன்னும் சாங்ஷன் ஆகவில்லை.