குணம் அண்ணையின் பன்னிரண்டு நிமிடப் படம்

நெடுங்கேணிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோதுதான் சொன்னார்கள், குணம் அண்ணை போய்விட்டார் என்று. "வவுனியா ஆஸ்பத்திரியில, நெஞ்சுவருத்தம் ரீச்சர்" என்றார் தேத்தண்ணிக் கடைக்காரர். எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, கோபம். போன கிழமைதானே, "அடுத்த படத்துக்கு உங்கட குரல் வேண்டாம் ரீச்சர், சத்தியமாய் வேண்டாம்" என்று பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டு போன மனிசன்!

அந்தப் பகிடிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. சொன்னால் என் மானம் கொஞ்சம் போகும். போகட்டும்.

உங்களில் பலருக்கு அவரைக் கலியாண வீட்டு வீடியோக்காரராகத்தான் தெரியும். இடம்பெயர்ந்து வந்த நாளிலிருந்து அதுதான் அவருடைய சீவியம். ஆனால் சொந்தமாக ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற விசர் அவரை விடவில்லை. அக்கராயனில் வாய்க்காலின் கடைசி முனையில் பயிர் செய்யும், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களைப் பற்றி, 'கடைக்காணி' என்று பன்னிரண்டு நிமிட விவரணப்படம் ஒன்றை எடுத்தார். கடிதம் எழுதிக் கேட்டதில், கொழும்பில் ஒரு குறும்பட விழாவில் காட்டச் சம்மதமும் கிடைத்தது.

படத்தில் மாரியாயி என்றொரு பெண் பேசுவார். அவர் பேசிய இடத்தில் காற்று ஒரே இரைச்சல். "விழாவுக்குப் போற படம், அவா சொன்னதை நீங்கள் நல்ல தமிழில மேலால வாசியுங்கோ" என்று அண்ணை என்னைக் கேட்டார். நல்ல தமிழ் என்றால் யாழ்ப்பாணத்து ரீச்சருக்குச் சொல்லவா வேண்டும்! நானே எழுதி, நானே வாசித்தேன். உள்ளுக்குள் பெருமை வேறு.

படத்தில் வருகிற சனத்துக்குக் காட்டாமல் படம் ஊர் தாண்டக் கூடாது என்பது அண்ணையின் கொள்கை. ஒரு மத்தியானம் அக்கராயன் சனசமூக நிலையத்து யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி, மண்ணெண்ணெய் ஜெனரேற்றரை வெளியே இரையவிட்டுப் படத்தைப் போட்டார். திரையில் மாரியாயியின் வாய் அசைந்தது. என் குரல், "எமது காணிகளுக்கு நீர் போதியளவில் கிடைப்பதில்லை" என்றது.

படம் முடிந்ததும் ஒருவரும் கைதட்டவில்லை. மாரியாயிதான் எழும்பினார்.

"ரீச்சரம்மா கொரலு நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் அப்படியா சொன்னேன்? 'எங்க காணிக்கு வர்றப்ப அது தண்ணி இல்ல சாமி, வெறும் ஈரம்'னுல்ல சொன்னேன். ஏன், எனக்கு வாய் இல்லியா?"

முகத்தை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

கொழும்புக்குப் போக அண்ணை எடுத்திருந்த பாஸ் என்ற பயண அனுமதி முடிய இன்னும் நாலு நாள்தான் இருந்தது. அதை எடுக்க அவர் அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும். "இப்ப கொண்டு போட்டு வாங்கோ, பிறகு திருத்தலாம்" என்றேன். அண்ணை தலையாட்டினார், இல்லை என்று. "அங்க பாக்கிற சனத்துக்கு இதுதான் மாரியாயி. பிறகு ஆரிட்டப் போய்த் திருத்திறது?"

திருத்துவதும் லேசாக இருக்கவில்லை. கசெற் தட்டுப்பாடு. மாரியாயி பேசியிருந்த முதல் கசெற்றில், படம் வெட்டி முடிந்த கையோடு ஒரு பிள்ளையின் சாமத்தியச் சடங்கை மேலாலேயே பதிந்துவிட்டார் மனிசன்! தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த நாள் காலையிலேயே கமராவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அக்கராயனுக்குப் போனார். நானும் போனேன், மன்னிப்புக் கேட்க.

"பிழை விட்டிட்டன் அக்கா. இன்னொருக்காச் சொல்லுவீங்களோ?" என்றேன்.

"களை புடுங்கி முடியட்டும்" என்றார் மாரியாயி. மூன்று நாள் காத்திருந்தோம். மூன்றாம் நாள் அண்ணை மைக்குக்குக் குழந்தைப்பிள்ளையின் கம்பளித் தொப்பியை மாட்டி, காற்றை அடக்கிப் பதிந்தார். பாஸ் முடிந்தது, விழாவும் முடிந்தது. எனக்குத்தான் அழுகை வந்தது.

மறுபடி பாஸுக்கு அலைந்து, அடுத்த வருட விழாவுக்குத்தான் போய்ச் சேர்ந்தார். சோதனைச் சாவடியில் கசெற்றைப் போட்டுப் பார்த்தார்களாம். அங்கே காவலுக்கு நின்ற ஆமிப் பெடியன் ஒருவன், அந்த வாய்க்காலுக்குத் தண்ணி வராதா என்று சிங்களத்தில் கேட்டானாம். "என்ர முதல் ரசிகன் ரீச்சர்" என்று அண்ணை சொல்லிச் சொல்லிச் சிரித்தார். விழாவில் மாரியாயி தன் குரலிலேயே கதைத்தது மண்டபம் முழுக்கக் கேட்டதாம். பரிசு கிடைக்கவில்லை. அந்தச் செய்தியையும், வீட்டுக்குக்கூடப் போகாமல், நேரே அக்கராயனுக்குப் போய் மாரியாயிக்குத்தான் முதலில் சொன்னார்.

இந்த நினைவு மலருக்கு மாரியாயியிடமும் நாலு வார்த்தை கேட்டார்கள். அவருக்கு எழுதத் தெரியாது. "அவா சொல்லுறதை நல்ல தமிழில எழுதித் தாங்கோ ரீச்சர்" என்று என்னிடம் வந்தார்கள். கேட்டு எழுதித் தருகிறேன், திருத்தித் தரமாட்டேன் என்றேன். அண்ணை, உங்களிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவ்வளவுதான். மாரியாயி சொன்னது இது:

"எங்கள படம் புடிக்க நெறயப் பேரு வந்தாங்க. நாங்க சொன்னது சரியா வந்திருக்கான்னு திரும்பக் கேட்க வந்தவரு அவரு ஒருத்தருதான்."